கவுண்டி ஹெல்த் டிபார்ட்மென்டில் கோவிட் தடுப்பூசியும் வீட்டு டெஸ்ட் கிட்டும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு பர்ஸில் இருக்கும்வரை கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஹெல்த் டிபார்ட்மென்ட் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. காய்ச்சல் என்றால் அர்ஜென்ட் கேர், ஊசி என்றால் பக்கத்து மருந்துக்கடை என்று பொழுது போய்விடும். ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் தங்க வரும்போது, வேலை போய் இன்ஷூரன்ஸும் கூடவே போகும்போது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஊசிக் கணக்குக் கேட்கும்போதுதான் அந்தக் கதவைத் தட்ட வேண்டிவரும். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் இங்கே டாக்டர் உட்கார்ந்து நாடி பிடிக்கமாட்டார். தடுப்பூசி, காசநோய்ப் பரிசோதனை, பிறப்புச் சான்றிதழ், உணவக ஆய்வு என்று ஊர் முழுவதற்குமான வேலைகளைப் பார்க்கும் அலுவலகம் இது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸப் குழுக்களில் "சும்மா போய் நில்லுங்க, ஊசி போட்டு நாலு கிட்டும் கையில கொடுப்பாங்க" என்று இன்றும் யாராவது சொல்கிறார்கள். அது 2021, 2022 கதை. 2020 டிசம்பரில் தடுப்பூசி வந்ததிலிருந்து 2023 செப்டம்பர் வரை மத்திய அரசே மொத்தமாக வாங்கிக் கொடுத்ததால் யாருக்கும் செலவில்லை. அதன்பிறகு கோவிட் ஊசி மற்ற ஊசிகளைப் போலச் சந்தைக்கு வந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாத பெரியவர்களுக்காக பிரிட்ஜ் ஆக்சஸ் என்ற திட்டம் கொஞ்ச காலம் ஓடி 2024 ஆகஸ்ட்டில் முடிந்தது. வீட்டுக்கு நான்கு நான்காகத் தபாலில் வந்த இலவச டெஸ்டுகள் 2025 மார்ச்சில் நின்றுபோயின. அதே மாதம், மாநில, உள்ளூர் சுகாதாரத் துறைகளுக்குப் பெருந்தொற்றுக் காலத்தில் ஒதுக்கிய நிதியில் சுமார் 1,140 கோடி டாலரை மத்திய அரசு ரத்து செய்தது. பல மாநிலங்கள் வழக்குப் போட்டுத் தடை வாங்கின. ஆனாலும் பல ஊர்களில் நர்ஸ்களும் குறைந்தார்கள், கிட்டுகளும் குறைந்தன.

ஆகவே இப்போது "கிடைக்குமா" என்ற கேள்விக்கு எல்லாருக்குமான ஒரே பதில் கிடையாது. எந்தக் கவுண்டி, என்ன வயது, என்ன இன்ஷூரன்ஸ் என்ற மூன்றையும் வைத்துத்தான் பதில் வரும். அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு போன் செய்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

முதல் படி: நீங்கள் எந்தக் கவுண்டி?

சிரிக்காதீர்கள், இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். முகவரியில் ஊர்ப் பெயர் இருக்கும், கவுண்டி பெயர் இருக்காது. டெக்ஸஸில் ஃப்ரிஸ்கோ என்ற ஒரே ஊர் காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. ஒரே பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இரண்டு வேறு அலுவலகங்களுக்குப் போக வேண்டியிருக்கும். சிகாகோ பக்கம் நேப்பர்வில்லும் அப்படித்தான், டுபேஜ் பாதி, வில் பாதி. கூகுளில் உங்கள் முழு முகவரியோடு "கவுண்டி" என்று சேர்த்துத் தேடுங்கள். வீட்டு வரி ரசீதிலும், சொந்த வீடு இல்லாதவர்களுக்கு வாக்காளர் மாவட்ட வரைபடத்திலும் தெரிந்துவிடும்.

எல்லா மாநிலத்திலும் கவுண்டிதான் என்றும் இல்லை. மாசசூசெட்ஸில் 351 ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி போர்டு ஆஃப் ஹெல்த். நியூ ஜெர்சியில் சில டவுன்ஷிப்புகள் தாங்களே ஹெல்த் டிபார்ட்மென்ட் வைத்திருக்கின்றன, மற்றவை கவுண்டியோடு சேர்ந்துகொள்கின்றன. பென்சில்வேனியாவில் சில கவுண்டிகளுக்கு மட்டும்தான் சொந்த அலுவலகம் உண்டு. மற்ற இடங்களில் மாநில அரசின் ஹெல்த் சென்டருக்குப் போக வேண்டும். ரோட் ஐலண்டில் உள்ளூர் அலுவலகமே கிடையாது, மாநிலமே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி, லாங் பீச், பாசடீனா மாதிரி சில நகரங்கள் கவுண்டியை நம்பாமல் தனியாக நடத்துகின்றன. குழப்பமாக இருந்தால் 211 என்ற உள்ளூர் உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். உங்கள் ஜிப் கோடைச் சொன்னால் எந்த அலுவலகம் என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் படி: உங்கள் வழி எது?

தனியார் இன்ஷூரன்ஸ் இருக்கும் பெரியவர் என்றால் ஹெல்த் டிபார்ட்மென்டுக்குப் போகாமல் மருந்துக்கடைக்குப் போங்கள் என்பது என் கருத்து. பல கவுண்டிகளில் இன்ஷூரன்ஸ் உள்ள பெரியவர்களுக்குப் பொதுப் பணத்தில் வாங்கிய ஊசியைப் போட விதியே இடம் தராது. இடம் தருகிற கவுண்டியிலும் அங்கே இருக்கும் சொற்ப டோஸ்கள் வேறு வழியில்லாதவர்களுக்கானவை. உங்கள் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கும் மருந்துக்கடையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 1 அன்று பரிந்துரையில் இருந்த தடுப்பூசிகளுக்கெல்லாம் 2026 முடியும்வரை பணம் தருவோம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சங்கம் அறிவித்திருக்கிறது. கோவிட் ஊசியும் அதில் அடக்கம். ஆனால் வருடா வருடம் மாறும் விஷயம் இது. கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

அம்மா அப்பா டூரிஸ்ட் விசாவில் வந்திருந்தால் அவர்களுக்கு மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கானது) இரண்டும் கிடையாது. ஊரில் வாங்கிய டிராவல் இன்ஷூரன்ஸ் திடீர் நோய்க்குத்தான், தடுப்பூசிக்குப் பொதுவாகப் பணம் தராது. மருந்துக்கடையில் கைக்காசு போட்டால் ஓர் ஊசிக்கே நூறு டாலருக்கு மேல் போய்விடும். கிரீன் கார்டில் வந்த 65 வயதுப் பெற்றோரும் இங்கே தொடர்ந்து ஐந்து வருடம் வசித்த பிறகுதான் மெடிகேரைப் பணம் கட்டி வாங்க முடியும். அதுவரை அவர்களும் இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் கணக்குத்தான், நீங்கள் தனியாக மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு இன்ஷூரன்ஸ் சந்தையில் எடுத்துக் கொடுத்தாலொழிய. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஹெல்த் டிபார்ட்மென்டில் பெரியவர்களுக்கான பொது நிதித் தடுப்பூசி கொஞ்சம் இருக்கும். அலுவலகத்தில் உள்ளவர்கள் அதை "317 வேக்சின்" என்பார்கள், பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவில் வருவதால். போனில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று உடனே புரிந்துவிடும். இதை எந்தத் துண்டறிக்கையிலும் போடமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு நிலைமை எவ்வளவோ மேல். 1989 முதல் 1991 வரை அமெரிக்காவில் தட்டம்மை பரவி நிறையக் குழந்தைகள் பாதிக்கப்பட்ட பிறகு கொண்டுவந்த திட்டம் வேக்சின்ஸ் ஃபார் சில்ட்ரன், 1994-லிருந்து ஓடுகிறது. 19 வயது ஆகாத பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, அல்லது மெடிகெய்டுக்குத் தகுதி உண்டு என்றால் ஊசி மருந்து இலவசம். விசா என்ன என்று பார்ப்பதில்லை. ஊசி போடும் கூலி என்று ஒரு சிறு தொகை கேட்கலாம். அதைக் கட்ட முடியவில்லை என்பதற்காக ஊசி போடாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. கம்பெனி இன்ஷூரன்ஸில் இருக்கும் ஹெச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள், அவர்களுக்குக் குழந்தை மருத்துவர்தான். மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு மருந்துக்கடையில் பொதுவாகப் போடமாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

கவுண்டியில் ஸ்டாக் இல்லை என்றாலும் சோர்ந்துவிட வேண்டாம். மத்திய அரசின் உதவி பெறும் சமூக ஹெல்த் சென்டர்கள் பல ஊர்களில் உண்டு. வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம், கட்ட முடியாதவரையும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கான நிபந்தனை. ஹெல்த் டிபார்ட்மென்டிலேயே கேட்டால் பக்கத்தில் எது என்று சொல்வார்கள்.

யாருக்குப் போடுகிறார்கள் என்பதும் மாறிவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் எஃப்.டி.ஏ. (மருந்துகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பு) புதிய தடுப்பூசிகளை 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், அதற்குக் கீழே என்றால் ஏதாவது ஓர் உடல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் மட்டும் என்று அனுமதித்தது. அந்த வருடம் அக்டோபரில், நோய்த் தடுப்புக்கான மத்திய அமைப்பான சி.டி.சி., டாக்டரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ பேசி அவரவர் முடிவெடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. பிரச்சினை என்றால் பெரிய வியாதிதான் என்றில்லை. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், உடல் பருமன், கர்ப்பம் எல்லாம் பட்டியலில் உண்டு. நம்மவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் சர்க்கரை மாத்திரை போடாமல் இருக்கிறார்கள்? கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். சில மாநிலங்கள் சி.டி.சி.யை விட்டுவிட்டுத் தங்கள் சொந்தப் பரிந்துரையை வெளியிடுகின்றன. கலிஃபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன், ஹவாய் நான்கும் சேர்ந்து தனிக் கூட்டணியே அமைத்தன. வேறு சில மாநிலங்களில் 2025 இலையுதிர் காலத்தில் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். உங்கள் மாநிலத்தில் இந்த மாதம் என்ன நிலை என்பதை ஹெல்த் டிபார்ட்மென்டில் கேட்பதுதான் உத்தமம்.

மூன்றாம் படி: போன்

வெப்சைட்டை மட்டும் நம்பி வண்டியை எடுக்காதீர்கள். நிதி வெட்டுக்குப் பிறகு பக்கத்தைப் புதுப்பிக்க ஆளில்லாத கவுண்டிகள் உண்டு. தடுப்பூசி கிளினிக் பல இடங்களில் வாரத்தில் சில நாள்தான், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூடிவிடுவார்கள், அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் பார்க்கமாட்டார்கள். போன் செய்தால் முதலில் மெஷின் பேசும். "இம்யூனைசேஷன்" என்று வரும் எண்ணை அழுத்துங்கள். திங்கள்கிழமை காலையில் வரிசை நீளமாக இருக்கும், வாரத்தின் நடுவில் முயற்சி செய்யுங்கள்.

ஆள் வந்ததும் சுற்றி வளைக்காமல் முழு விவரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது: "என் அம்மாவுக்கு 68 வயது, இந்தியாவிலிருந்து வந்து என்னோடு தங்கியிருக்கிறார், இன்ஷூரன்ஸ் இல்லை, சர்க்கரை இருக்கிறது. இந்த வருடத்துக் கோவிட் தடுப்பூசி உங்களிடம் இருக்கிறதா? 317 அல்லது மாநில நிதியில் பெரியவர்களுக்குப் போடுகிறீர்களா?" பிறகு கட்டணம் எவ்வளவு, வருமானத்தைப் பொறுத்துக் குறைப்பார்களா, முகவரிச் சான்று வேண்டுமா, எந்தக் கம்பெனி ஊசி இருக்கிறது, ஃப்ளூ ஊசியும் அன்றே போடுவார்களா என்று கேளுங்கள். ஃப்ளூவும் கோவிடும் ஒரே நாளில் போடலாம், அம்மாவை இரண்டு தடவை இழுத்தடிக்க வேண்டாம். வைக்கும் முன் "டெஸ்ட் கிட் இருக்கிறதா, எங்கே கொடுக்கிறீர்கள்" என்றும் கேட்டுவிடுங்கள். போனில் பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அங்கே போய் நிற்கும்போது வேறொருவர் "அப்படி எதுவும் இல்லையே" என்றால் அந்தப் பெயர் கைகொடுக்கும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் "தமிழ் இன்டர்பிரட்டர்" என்று கேளுங்கள். மத்திய அரசுப் பணம் வாங்கும் அலுவலகம் மொழி உதவியை இலவசமாகத் தர வேண்டும், 1964-ஆம் வருட சிவில் உரிமைச் சட்டத்தின் வழியாக வந்த கடமை அது. போனிலேயே மூன்றாவது ஆளாக மொழிபெயர்ப்பவரை இணைப்பார்கள். இந்தியா என்றதும் இந்திக்காரரைக் கொண்டுவந்துவிடுவார்கள், அதனால் தமிழ் என்ற சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். அப்பாவின் வியாதிகளைப் பத்து வயதுப் பேரனை வைத்து மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பேரன் முன்னால் அவர் பாதியைச் சொல்லமாட்டார்.

நான்காம் படி: என்னென்ன எடுத்துப் போவது

போட்டோ உள்ள ஏதாவது ஓர் அடையாளம் (பாஸ்போர்ட் போதும்), கவுண்டி கேட்டால் வீட்டு முகவரிக்கு ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், முன்பு போட்ட ஊசிகளின் சான்று. பெற்றோர் பெயரில் பில் இருக்காது. பிள்ளையின் வீட்டில் தங்கியிருப்பதாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டால் காலியாக விடலாம், அது இல்லாமல் ஊசி கிடையாது என்று யாராவது சொன்னால் மேலதிகாரியைக் கேளுங்கள்.

படிவம் நிரப்பும்போது இரண்டு இடத்தில் நிதானம் தேவை. ஒன்று தேதி. இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். 1957 ஜூலை 5-ல் பிறந்தவர் பழக்கத்தில் 05/07/1957 என்று எழுதினால் மே 7 ஆகிவிடுவார். மற்றொன்று பெயர். நம் அப்பாக்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சடித்திருப்பார்கள். கிளினிக்கில் ஒருவர் அதையே தட்டச்சு செய்வார், மருந்துக்கடையில் இன்னொருவர் இனிஷியலைப் பிரித்து எழுதுவார், மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஒரே ராமசாமி மூன்று ஆளாகப் பிரிந்து கிடப்பார். விசாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் சரி.

குடியேற்றம் பற்றிய பயம் பலருக்கு உண்டு. தடுப்பூசி கிளினிக்கில் விசா நிலையைக் கேட்பது வழக்கமில்லை. அரசாங்க உதவி வாங்கினால் கிரீன் கார்டுக்குப் பாதகமா என்ற கேள்விக்கு, 2022-ஆம் வருட விதியின்படி தொற்றுநோய்த் தடுப்பூசியும் பரிசோதனையும் அந்தக் கணக்கில் வராது. அந்த விதியை நீக்க 2025 நவம்பரில் முன்மொழிவு வந்திருக்கிறது, ஆகவே மனு நிலுவையில் இருப்பவர்கள் தங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனைக்குக் கோவிட் ஊசி கட்டாயம் என்று 2021 அக்டோபரில் வந்த நிபந்தனை 2025 ஜனவரி 22 முதல் இல்லை. இதற்காக மட்டும் யாரும் அவசரப்பட வேண்டாம்.

ஊசி போடும் நாள்

தோளுக்குக் கீழே தசையில் போடுவார்கள். அம்மா புடவையில் வந்தால் இறுக்கமான ஜாக்கெட் கை மேலே ஏறாது. மறைப்பே இல்லாத கூடத்தில் அவர் படும் சங்கடத்தைத் தவிர்க்கத் தளர்ந்த கை வைத்த சுடிதார் போட்டுக் கூட்டிப் போங்கள். நர்ஸ் கேட்பவை: முன்பு எந்த ஊசிக்காவது கடும் அலர்ஜி வந்ததா, இன்று காய்ச்சல் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசிக் கோவிட் ஊசி எப்போது. கடைசி டோஸுக்குப் பிறகு எட்டு வாரமாவது போயிருக்க வேண்டும். அண்மையில்தான் கோவிட் வந்து போனது என்றால் மூன்று மாதம் தள்ளிப் போடலாம், கட்டாயமில்லை.

ஃபைசர், மாடர்னா இரண்டும் எம்.ஆர்.என்.ஏ. வகை. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நோவாவேக்ஸ் என்ற புரத வகை உண்டு, ஆனால் கவுண்டியில் அது இருப்பது அபூர்வம். போட்டதும் 15 நிமிடம் உட்கார வைப்பார்கள், அலர்ஜிச் சரித்திரம் இருந்தால் 30 நிமிடம். அந்த நேரத்தில் கிளம்பிவிடாதீர்கள், மூச்சுத் திணறல் வந்தால் மருந்து அங்கேதான் இருக்கிறது.

அன்றிரவு கை வலிக்கும், உடம்பு முறுக்கும், லேசாகச் சுடும். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோவும் இங்கே வாங்கும் டைலனாலும் ஒரே மருந்துதான், பாராசிட்டமாலை இங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள். அப்பா பெட்டியிலிருந்து ஒன்று, நீங்கள் அலமாரியிலிருந்து ஒன்று என்று இரண்டையும் கொடுத்துவிடாதீர்கள். முதல் வாரத்துக்குள் நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் உடனே எமர்ஜென்சி. இது மிக அபூர்வம், அதிலும் இளைஞர்களுக்குத்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறார்கள்.

கிளம்பும் முன் பதிவுத் தாளைக் கேட்டு வாங்கி அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளை அட்டையை சி.டி.சி. 2023-லேயே அச்சடிப்பதை நிறுத்திவிட்டது. கோவின் சான்றிதழோ, இலங்கையில் போட்ட சினோஃபார்ம் அட்டையோ இருந்தால் நர்ஸிடம் காட்டி மாநிலப் பதிவேட்டில் பழைய டோஸாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் என்.ஜே.ஐ.ஐ.எஸ்., கலிஃபோர்னியாவில் கேர், மிச்சிகனில் எம்.சி.ஐ.ஆர். என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பெயர். டெக்ஸஸின் இம்ட்ராக்2-வில் நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு நிற்கும்.

டெஸ்ட் கிட்: எங்கே, எப்படி

இலவச கிட் இன்னும் கொடுக்கும் கவுண்டிகளில் அது ஹெல்த் டிபார்ட்மென்ட் வரவேற்பு மேசையிலோ, பொது நூலகத்திலோ, சீனியர் சென்டரிலோ இருக்கும். நூலகத்தில் வெளியே அடுக்கி வைத்திருக்கமாட்டார்கள், கவுண்டரில் கேட்டால் கீழேயிருந்து எடுத்துத் தருவார்கள். காசு கொடுத்து வாங்கினால் எஃப்.எஸ்.ஏ., ஹெச்.எஸ்.ஏ. என்ற வரிச்சலுகை மருத்துவக் கணக்குகளின் பணத்தைப் பயன்படுத்தலாம். 2023 மே 11-ல் கோவிட் அவசரநிலை முடிந்ததோடு, மாதம் எட்டு டெஸ்டுக்கு இன்ஷூரன்ஸ் பணம் தர வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. ஃப்ளூவையும் கோவிடையும் சேர்த்துப் பார்க்கும் வீட்டு கிட்டும் கடைகளில் வந்திருக்கிறது. குளிர்காலத்துக்கு அது வாங்குவது புத்திசாலித்தனம்.

இலவசமாகக் கிடைப்பதில் நிறையப் பெட்டிகள் தேதி தாண்டியவையாக இருக்கும். உடனே குப்பையில் போடாதீர்கள். பல பிராண்டுகளுக்கு எஃப்.டி.ஏ. காலாவதித் தேதியை நீட்டித்திருக்கிறது. அவர்கள் தளத்தில் பிராண்டையும் பெட்டியில் உள்ள லாட் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீட்டிப்பும் தாண்டியிருந்தால் அப்போது எறியலாம். வைக்கும் இடம் பெரும்பாலும் 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். டல்லாஸ் கோடையில் காருக்குள் கிடந்த கிட்டை நம்புவதற்கில்லை. மின்னசோட்டா பனியில் வாசலில் கிடந்தது என்றால் வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள்.

கையைக் கழுவி, மேசையைத் துடைத்து, உங்கள் பெட்டியின் தாளைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள். எல்லா கிட்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் பாதி டெஸ்டுகள் வீணாகின்றன. ஐஹெல்த் என்ற பிராண்டில் பஞ்சுக் குச்சியைக் குழாயில் கலக்கி மூன்று சொட்டு விட வேண்டும். ஃப்ளோஃப்ளெக்ஸில் நான்கு. பைனாக்ஸ்நவ் அட்டை வகை, முதலில் மேல் ஓட்டையில் ஆறு சொட்டு விட்டு, பிறகுதான் குச்சியைச் செருகி அட்டையை மூட வேண்டும். மூக்கில் குச்சியை மூளைவரை விட வேண்டியதில்லை. முக்கால் அங்குலம் போதும், ஆனால் சுவரை அழுத்தித் தேய்த்துச் சுற்ற வேண்டும், அதே குச்சியால் இரண்டு பக்கமும். சொட்டு விட்டதும் போனில் டைமர் வையுங்கள். 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். 30 நிமிடம் தாண்டிய பிறகு தோன்றும் கோட்டுக்கு மதிப்பில்லை. சி என்ற எழுத்துக்கு நேரே கோடு வரவில்லை என்றால் டெஸ்டே செல்லாது. சி கோட்டோடு டி-யில் நேரத்துக்குள் நிழல் போல மங்கலாக ஒன்று தெரிந்தாலும் பாசிட்டிவ்தான்.

நெகட்டிவ் என்றதும் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். சளி, தொண்டைவலி இருந்தால் 48 மணி நேரம் விட்டு இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாமல் யாரோடோ பழகியதால் மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் 48 மணி நேர இடைவெளியில் மூன்று. அதனால்தான் ஆளுக்கு ஒரு கிட் என்று வாங்காமல் கூடுதலாகக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

குழாயில் உள்ள திரவத்தைக் கண் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தவறுதலாகக் கண்ணில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு, எஃப்.டி.ஏ. இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. குழந்தை வாயில் வைத்துவிட்டாலோ கண்ணில் பட்டாலோ தண்ணீரால் கழுவிவிட்டு விஷ முறிவு உதவி எண் 1-800-222-1222-ஐக் கூப்பிடுங்கள், நாள் முழுவதும் எடுப்பார்கள்.

பாசிட்டிவ் வந்தால்

வயதானவர், சர்க்கரை, இதய நோய் உள்ளவர் என்றால் காத்திருக்க நேரமில்லை. கோவிடுக்கான பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். "சளிதானே, வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்று தள்ளிவைத்தால் அந்த வாசல் மூடிவிடும். இன்ஷூரன்ஸ் இல்லாதவரை சமூக ஹெல்த் சென்டரில் காட்டலாம். எங்கே சீக்கிரம் பார்ப்பார்கள் என்று ஹெல்த் டிபார்ட்மென்ட் நர்ஸ் சொல்வார்.

இந்த மருந்து பல மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின், ரத்தத்தை நீர்க்க வைக்கும் சில மருந்துகள் இதில் முக்கியம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவும் மாறும். இங்கே உள்ள டாக்டருக்கு கிளைகோமெட், எக்கோஸ்ப்ரின் என்றால் ஒன்றும் புரியாது. மெட்ஃபார்மின், ஆஸ்பிரின் என்று உள்மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் விமானம் ஏறும் முன்பே மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சிறு எழுத்தில் அங்கேதான் அந்தப் பெயர் இருக்கும்.

வீட்டில் தனியறை இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து வைத்து எல்லாரும் மாஸ்க் போடுங்கள். 2024 மார்ச்சில் மாறிய சி.டி.சி. வழிமுறைப்படி, காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, மற்ற அறிகுறிகளும் குறைகின்றன என்றால் வெளியே போகலாம். அதற்கடுத்த ஐந்து நாள் மாஸ்க், இடைவெளி. மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு அவர்கள் இடத்து விதி தனி. மூச்சு வாங்குவது, நெஞ்சில் அழுத்தம், உதடு நீலமாவது, எழுப்பினால் தெளிவில்லாமல் இருப்பது ஆகிய எதுவானாலும் 911. பயன்படுத்திய கிட்டை அதே பையில் போட்டுச் சாதாரணக் குப்பையில் போடலாம்.